சனிக்கிழமைப் பந்தலும் என் ஒப்பாரியும்

ஜனவரி 4, சனி

இன்று மாலை நேரலை நிகழ்ச்சியின் நடுவில் என் வேட்டி அவிழ்ந்து விழுந்துவிட்டது. ஒரு கையில் மைக், மறு கையில் அடுத்த குழுவின் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு. எதைப் போட்டுவிட்டு எதைப் பிடிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே வேட்டி முடிவெடுத்துவிட்டது. உள்ளே டவுசர் போட்டிருந்தேன். ஆனால் அது மகன் கல்லூரியில் கபடி ஆடியபோது வாங்கியது. பின்பக்கம் பெரிதாக எண் போட்டது. ஐம்பத்தாறு வயதில் அந்த எண்ணோடு நின்றேன்.

பந்தலில் இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து குலவை போட்டார்கள். வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கும்மிப் பாட்டுக்குத்தான் இந்த வரவேற்பு என்று நினைத்திருப்பார்கள். வானொலியில் வேலை பார்ப்பதில் இந்த ஒரு லாபம் உண்டு.

முப்பிடாதி மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். “கொழுந்தனாரே, அம்பது வருசமா பாட்டு மட்டுந்தான் நடந்துச்சு. இன்னைக்குத்தான்யா ஆட்டமும் நடந்திருக்கு.”

அவர் எனக்கு உறவு கிடையாது. நடவுப் பாட்டுக்காரர். நான் நிலையத்தில் சேர்ந்த நாளில் என்னைக் ‘கொழுந்தனாரே’ என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்; அன்று முதல் அவர் எனக்கு மதினி. நான் பந்தல் குத்தாலம். பள்ளிக்கூடச் சான்றிதழில் குற்றாலிங்கம்.

ஜனவரி 6, திங்கள்

புது நிலைய இயக்குநர் சுபத்ரா மேடம் கூப்பிட்டு அனுப்பினார். கோயம்புத்தூர்க்காரர். திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார். வேட்டி விவகாரம்தான் என்று நினைத்து பெல்ட் கட்டிக்கொண்டு போனேன்.

“குத்தாலம் சார், ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்க மேடம்.”

“இந்தப் பந்தல் நிகழ்ச்சிய யாருங்க கேக்கறாங்க?”

ஊர் உலகமே கேட்கிறது என்றேன். உலகத்தில் ஒருத்தர் பேரைச் சொல்லுங்க என்றார். எனக்குச் சட்டென்று எந்தப் பேரும் வரவில்லை. வெயில் அப்படி.

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து எழுதியிருக்கிறார்களாம். தென்மலைப்பேட்டை வானொலியில் சனிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு, நிலையத்தின் பின்பக்கத் தகரப் பந்தலில், வில்லுப்பாட்டு, கும்மி, நையாண்டி மேளம் எல்லாவற்றையும் ஆள் கூட்டி வைத்து நேரலையாக நடத்துவது இந்தக் காலத்தில் எதற்கு? ஸ்டுடியோவில் பதிவு பண்ணி, வெட்டி ஒட்டி, அரை மணி நேரத்தில் முடித்தால் போதாதா?

“பந்தலையும் பிரிச்சிரலாம்ங்க. வேட்டி விழுந்தாலும் கட் பண்ணிக்கலாம்” என்றார். சிரிக்காமல் சொன்னார்.

பிப்ரவரி எட்டாம் தேதி பந்தலுக்கு ஐம்பது வயது. அதற்குள் நிகழ்ச்சியின் வரலாற்றை நான் எழுதித் தரவேண்டும். கூடவே, கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று ஏதாவது காட்டவேண்டும். இல்லையென்றால் ஏப்ரலிலிருந்து நேரலை கிடையாது.

வரலாறு எழுதிப் பழக்கமில்லை. அதனால்தான் சிமெண்ட் கடையில் ஓசியாகக் கொடுத்த இந்த டைரியில் கை பழகிக்கொண்டிருக்கிறேன்.

என் வேலை என்ன என்பதையும் இங்கே எழுதிவைக்கலாம். ஒரு குழு மேடையிலிருந்து இறங்கி அடுத்த குழு ஏறி, உடுக்கைக்குச் சூடு காட்டி, வில்லை நிமிர்த்திக் கட்டி முடிக்கும்வரை நான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். காற்று சும்மா இருக்கக்கூடாது. பதிவு நிகழ்ச்சியில் அந்த இடைவெளியே இருக்காது. இடைவெளி இல்லாவிட்டால் நான் எங்கே நிற்பேன் என்று மேடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. மனைவி பகவதி இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்த சாம்பாரில் ஏதோ குறைந்தது. அதை வரலாற்றில் சேர்க்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் எனக்கு ரசம் கிடைத்தது.

ஓய்வுபெற்ற ஒலிப்பொறியாளர் தேவசகாயம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். பந்தல் தொடங்கிய அன்று மைக் கட்டியவர். இப்போது முழங்காலில் உறை மாட்டிக்கொண்டு டிவியில் கிரிக்கெட் பார்க்கிறார்.

“பாட வேண்டிய வித்துவான் வரல. ஆத்துல தண்ணி, கார் அக்கரையில நின்னுட்டு” என்றார். “சனிக்கிழம வாரச்சந்தை. வில்லுப்பாட்டுக்காரங்க டீ குடிச்சிட்டு நிக்காங்க. நாந்தான்டே இழுத்துட்டு வந்து பின்னால உக்காத்தி வச்சேன்.”

கோழிக்குஞ்சு வளர்ப்புப் பேச்சுக்குப் பிறகு ஒரு மணி நேரம் வில்லுப்பாட்டு போனதாம். திங்கட்கிழமை நிலையத்து வாசலில் ஆட்கள். அடுத்த சனிக்கிழமை உண்டா என்று கேட்டு வந்தவர்கள். ஒரு நாளைக்கென்று போட்ட ஓலைப் பந்தலைப் பிரிக்கவேயில்லை. பிறகு ஓலை தகரமாயிற்று.

“கை தட்டக்கூடாதுன்னு ஏன் அண்ணாச்சி வச்சீங்க?”

“அந்தக் காலத்து மைக்குடே. கை தட்டுனா எண்ணெயில கடுகு போட்ட மாதிரி கேக்கும். பாட்ட ரசிக்கானா, தாளிக்கானான்னு தெரியாது. அதான் குலவை போடச் சொன்னோம். அது காத்துல நல்லாப் போகும்.”

புது மைக் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. குலவை மட்டும் நிற்கவில்லை. ஆண்களுக்குக் குலவை வராது. அதனால் எங்கள் பந்தலில் ஆண்கள் ரசித்ததற்கு இன்றுவரை சத்தமில்லை.

புறப்படும்போது, “இப்பவும் சனிக்கிழம கேக்கீங்கள்லா அண்ணாச்சி?” என்றேன்.

“பின்ன?” என்றார். கண் ஸ்கோரில் இருந்தது.

ஜனவரி 11, சனி

நேயர்கள் போனில் பேசலாம் என்று இன்று நேரலையிலேயே அறிவித்தேன். என் யோசனைதான். மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு வில்லுப்பாட்டு முடிந்தது. நையாண்டி மேளம் முடிந்தது. போன் அடித்தது.

“வணக்கம், பந்தலுக்கு வந்தமைக்கு நன்றி, எங்கிருந்து பேசுறீங்க?”

“சார், யூரியா வந்துட்டா?”

வேளாண்மை அலுவலகத்துக்கும் எங்களுக்கும் கடைசி எண் ஒன்றுதான் வித்தியாசம். விடாமல் அவரோடு யூரியா பற்றி நாலு வார்த்தை பேசி, அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வேலையாக இருப்பார்கள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை இந்தத் தடவை கிழக்கே பொங்கியது என்று பகவதிக்குச் சந்தோஷம். கரும்பு கடிக்கையில் எனக்குக் கடைவாய்ப்பல் ஆடியது.

சென்னையிலிருந்து மகன் பேசினான். வானொலி இப்போது செல்போனிலேயே வருகிறதாம். அவன் தவறாமல் கேட்கிறானாம். “ஞாயித்துக்கெழமதானப்பா?” என்றான். ஆமாம் என்றேன். நல்ல நாளும் அதுவுமாக எதற்குத் திருத்தவேண்டும்?

ஜனவரி 20, திங்கள்

மதினியிடம் வரலாறு கேட்கப் போய், அண்ணாச்சி சொன்ன கதையைச் சொன்னேன். ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டே சொன்னார்.

“வித்துவானும் இல்ல, ஆறும் இல்ல. எங்கம்மா சந்தைக்குக் கோழி விக்கப் போனா. ஒங்க ஆபீசர் கோழிக்கு வெல கேட்டாரு. பாடுனா கொறச்சித் தருவியாம்மான்னாரு. பாடுனா. கோழியையும் வாங்கிக்கிட்டாரு, பாட்டையும் வாங்கிக்கிட்டாரு. எழுதிக்கிடும்.”

“தேவசகாயம் அண்ணாச்சி வில்லுப்பாட்டுன்னுலா சொல்லுதாரு?”

“அவரு மைக்கப் பாத்தாரு. நான் எங்கம்மாவப் பாத்தேன்.”

இரண்டையும் எழுதிக்கொண்டேன். யார் சொன்னாலும் தொடங்கி வைத்தவர் சொல்பவரின் ஆளாகவே இருக்கிறார். நான் சொல்லும் காலம் வந்தால், அன்று எனக்கு ஆறு வயது, பால் வாங்கப் போயிருந்தேன் என்று ஆரம்பிக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். பந்தலில் எந்தப் பாட்டும் பாடலாம், ஒப்பாரி மட்டும் கூடாது. ஆரம்ப வருஷத்தில் ஒரு அம்மாள் ஒப்பாரி பாடியிருக்கிறார். கலைக்காகப் பாடியதுதான். ஆனால் ஒப்பாரி என்றால் பேர் சொல்லித்தானே அழவேண்டும்? வாய்க்கு வந்த தன் அண்ணன் பேரைப் போட்டுப் பாடிவிட்டார். பாட்டு முடிவதற்குள் அண்ணன் வீட்டு முன்னால் நாலு ஊர் சனம். அண்ணன் உயிரோடு வந்து கதவைத் திறந்தாராம். அதற்குப் பிறகு தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லை.

“அன்னைக்கு எல்லாரும் கேட்டாவ” என்றார் மதினி. “சனிக்கிழம ஆறு மணிக்கு ஒரு பம்புசெட்டு ஓடாது. பாட்டு கேக்காதுன்னு நிப்பாட்டிப் போடுவாவ.”

‘கேட்டாவ’ என்றார்; ‘கேக்காவ’ என்று சொல்லவில்லை. நான் வேறு எதையோ பேச ஆரம்பித்தேன்.

ஜனவரி 25, சனி

பந்தலில் இன்று கூட்டம் பரவாயில்லை. பாதிப்பேர் அடுத்துப் பாட வேண்டியவர்கள்.

ஜனவரி 29, புதன்

நிலையத்து எதிர் டீக்கடையில் ஒரு ரேடியோ உண்டு. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ‘டீக்கடைகளில் இன்றும் ஒலிக்கிறது’ என்று வரலாற்றில் ஒரு வரி எழுதிவிட்டு, மனசு கூசாமல் இருக்கட்டும் என்று போய்ப் பார்த்தேன். ரேடியோ இருந்தது. பேட்டரியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டிருந்தார்கள். கடிகாரம் சரியாக ஓடுகிறது.

அந்த வரியை அடிக்கவில்லை. ‘இருக்கிறது’ என்று மாற்றினேன்.

வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஓடினால் சமையலறைக்குப் பூனை வராது என்று பகவதி நாள் முழுக்க வைத்திருப்பாள். ஆக, ஒரு பூனையாவது எங்களைக் கேட்டு நடுங்குகிறது.

பிப்ரவரி 3, திங்கள்

ஏப்ரலில் பந்தலைப் பிரிக்கப்போகிறார்கள் என்று மதினியிடம் சொல்லவேண்டியதாயிற்று. யாரோ சொல்லி முந்திக்கொள்வதைவிட நான் சொல்வது மேல்.

கோபப்படுவார் என்று பார்த்தேன்.  “ஸ்டுடியோவுக்குள்ள குலவை யாரு போடுவா?” என்றார்.

“அத மிஷின்ல சேத்துக்கிடுவாங்களாம்.”

“மிஷினுக்கு யாரு செத்தா, யாரு பொறந்தான்னு தெரியுமாய்யா?”

தெரியாது என்றேன். சனிக்கிழமை என்ன பாட்டு என்று கேட்டேன். “நடவுப் பாட்டுன்னு எழுதிக்கிடும்” என்றார்.

பிப்ரவரி 8, சனி

ஐம்பதாம் ஆண்டு நிகழ்ச்சி.  

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. வாழைமரம் கட்டியிருந்தது. மேடம் பட்டுச்சேலையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார். கடைசிப் பாட்டு முப்பிடாதி மதினி. நடவுப் பாட்டு என்று அறிவித்துவிட்டு ஒதுங்கி நின்றேன். மதினி மைக் முன்னால் வந்தார். நிற்கவில்லை, உட்கார்ந்தார். தலைமுடியை அவிழ்த்துவிட்டார். நடவுப் பாட்டுக்கு யாரும் முடியை அவிழ்ப்பதில்லை.

*தகரப் பந்தல் சாயலையே*
*தாங்கு தூணு சாஞ்சதென்ன*
*மைக்கு முன்ன நின்னு பேசும்*
*மகராசா எங்க போனீர்*
*கொழுந்தனாரே குத்தாலம்*
*கொரலத் தொலச்சு நிக்கேனய்யா*

 நான் நாலடி தள்ளி, உயிரோடு, சந்தனக் கலர் சட்டையில் நிற்கிறேன். டெக்னீஷியன் ஒலியைக் குறைக்கும் குமிழில் கையை வைத்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தான். மேடம் மதினியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*மழைக்கு ஒரு கொடை வாங்கி*
*மறுபடியும் தரலையே*
*கொடையத் தாரும்னு கேக்கலையே*
*கொழுந்தனத்தான கேக்குதேன்*

குடை உண்மைதான். போன ஐப்பசியில் வாங்கியது. பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

இடைவெளியைப் பற்றிப் பாடினார். ஒரு பாட்டுக்கும் மறு பாட்டுக்கும் நடுவே நான் நின்று பேசுவேனாம். வெற்றிலைக் கறைப் பல்லைக் காட்டிக்கொண்டு பேசுவேனாம். என்ன பேசினேன் என்று ஒருத்தருக்கும் ஞாபகமில்லையாம். ஆனால் நான் பேசாத சனிக்கிழமையை எப்படித் தாண்டுவது என்று தெரியவில்லையாம். பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். குலவை வரவில்லை. ஒப்பாரிக்குக் குலவை போடமாட்டார்கள்.

ஏழரைக்கு நான் மைக் முன்னால் வந்து, ‘பந்தல் கலைகிறது, பாட்டு கலையாது’ என்று சொல்லி முடிக்கவேண்டும். வந்தேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. காற்று சும்மா போனது. பிறகு செய்திகள் வந்துவிட்டன.

“என்ன மதினி இது?” என்றேன் பின்னால்.

“பந்தலுக்குத்தான்யா ஒப்பாரி வச்சேன். தகரத்துக்கு என்ன பேரு இருக்கு, பேரு சொல்லி அழ? ஒம்ம பேரத்தான் போட்டேன். ஒமக்கு ஆயுசு கூடும்” என்றவர், முடியை அள்ளி முடிந்துகொண்டு டீ எங்கே என்று கேட்டார்.

மேடம் என்னிடம் வந்தார். “இதுக்குத்தாங்க ரெக்கார்டிங் வேணும்ங்கறது. நீங்களாவது நடுவுல பூந்து பேசியிருக்கலாம்ல? நீங்க செத்துப்போயிட்டீங்கன்னுல்லீங்க நெனப்பாங்க!”

“நடுவுல நிறுத்தக்கூடாதுங்க மேடம்.”

“நாளைக்கு ரிப்போர்ட் எழுதணும்ங்க. காலைல வீட்டுக்கு வர்றேன், விளக்கம் எழுதி வைங்க.”

வீட்டுக்கு வந்தால் பகவதி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ரேடியோ அணைந்து கிடந்தது.

“நல்லா இருப்பாளா அவ?” என்றாள். “கடைசியில நீங்களும் பேசல. அடுப்புல கை ஓடலங்க எனக்கு. அந்த ‘பந்தல் கலைகிறது’ வந்தாத்தான் நான் ஒலை வைப்பேன்.”

பூனைக்காக என்றல்லவா நினைத்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் வாசலுக்கு வந்தால் தெருவில் கூட்டம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் மாலை. இரண்டு வேன், தெருமுனையில் ஒரு டிராக்டர். என் வீட்டுப் படியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். காபி டம்ளரோடு நான் வெளியே வந்ததும் எழுந்துகொண்டார்கள். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

பகவதி சட்டையைப் பிடித்து இழுத்தாள். “உள்ள வாங்க. துக்கத்துக்கு வந்தவங்க முன்னால பல்லக் காட்டிக்கிட்டு.”

அந்த நேரத்தில் மேடத்தின் ஜீப் வந்தது. தெருவுக்குள் நுழையமுடியவில்லை. இறங்கி நடந்தார். ரிப்போர்ட் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி விலக்கி வந்தார். ஒரு பெரியவரிடம் நின்றார்.

“ஐயா, எங்கிருந்துங்க வர்றீங்க?”

“வெளாத்திகுளம் பக்கம்மா. நேத்து ராத்திரி சேதி காதுல விழுந்துச்சு. மனசு கேக்கல. முத பஸ்ஸுக்குக் கெளம்பிட்டோம்.”

“ரொம்பப் பழக்கமுங்களா?”

“நேர்ல ரெண்டு தடவ பாத்திருக்கேன். ஆனா எங்க பக்கம் அவரு பேரு தெரியாத ஆளு கெடையாது.”

மேடம் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன். பகவதி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு மொழி போதாது.

“இத்தன பேரா…” என்றார் மேடம்.  “என்னைய மன்னிச்சிருங்க குத்தாலம் சார். யாரு கேக்கறாங்கன்னு கேட்டேன் பாருங்க, உங்க மொகத்துக்கு நேரா.”

விளக்கம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. ஃபைலைத் திறக்காமலே ஜீப்புக்குத் திரும்பினார். போகும் வழியெல்லாம் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டே போனார். அவர்களும் பதிலுக்குக் கைகூப்பினார்கள்.

பிப்ரவரி 12, புதன்

மேடம் சென்னைக்கு எழுதிவிட்டார். நகலை எனக்குக் காட்டினார். ‘அறிவிப்பாளர் காலமானதாக எண்ணி, மறுநாள் காலையிலேயே பல ஊர்களிலிருந்தும் பொதுமக்கள் திரண்டதை நேரில் கண்டேன். இத்தகைய நிகழ்ச்சியை நேரலையிலிருந்து விலக்குவது தகாது.’ இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

மதினி போனில் வந்தார். “எத்தன பேருய்யா வந்தாவ?”

“தெரு கொள்ளல மதினி” என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

“கேக்காவ, பாத்தீரா?” என்றார். வெகுநேரம் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பை முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியாயிற்று. இரண்டு நாளைக்குச் சூடாக எதுவும் கூடாதாம்.

பிப்ரவரி 15, சனி

சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டது. நேரலை தொடரலாம். பந்தலுக்குப் புதுத் தகரம் போடவும் அனுமதி.

இன்று ஆறு மணிக்கு மைக் முன்னால் நின்று, “பந்தல் குத்தாலம் உயிரோடு பேசுகிறேன்” என்று ஆரம்பித்தேன். பந்தலில் குலவை கிளம்பியது. வழக்கமாக வரும் அதே முப்பது பேர்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. மதினிக்குப் புதுக்குடை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். விரித்துப் பார்த்துவிட்டு, “செத்தாத்தான் தாரீரு” என்றார். ஏழரைக்கு முடிப்பு வாசகத்தைச் சொல்லும்போது, வீட்டில் உலை ஏறுகிறது என்ற நினைப்பு வந்தது. கொஞ்சம் நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன்.

வரலாற்றையும் ஒரு வாரம் தாமதமாக எழுதி முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிய கடைசி அத்தியாயத்தை மேடமே எழுதித் தந்தார். நன்றாக எழுதியிருக்கிறார். ஒரு எழுத்தையும் நான் தொடவில்லை.

அதில் விட்டுப்போனது ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில், மிளகாய் மண்டி திரவியம் அண்ணாச்சியை எடுத்தார்கள். நல்ல கூட்டம்.